கூட்டருகே நின்ற கேமரா: ஓசனிச்சிட்டுக் குஞ்சுகளைப் படம்பிடித்த கலையின் வரலாறு

ஹம்மிங் பறவை என்று பரவலாக அறியப்படும் ஓசனிச்சிட்டு, அலாஸ்கா முதல் தென்னமெரிக்காவின் தென்கோடி வரை பரவியிருக்கும், 350-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பறவைக் குடும்பமாகும்; அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை ஒட்டிய தீவுகளையும் தவிர உலகின் வேறெப்பகுதியிலும் அது இயற்கையாக வாழ்வதில்லை. தமிழகத் தோட்டங்களில் காணப்படும் தேன்சிட்டு தேனுண்ணும் பழக்கத்தால் அதனை ஒத்திருந்தாலும், முற்றிலும் வேறான குடும்பத்தைச் சேர்ந்தது. பை போன்ற கூட்டைத் தொங்கவிட்டு அதற்குப் பக்கவாயில் வைப்பது தேன்சிட்டின் வழக்கமாயிருக்க, ஓசனிச்சிட்டுகளில் பெரும்பாலானவை மேற்புறம் திறந்த கிண்ணக் கூட்டையே கட்டுகின்றன. இந்தப் பறவையின் ஒளிப்பட வரலாற்றைக் கூறுவோர், வினாடிக்கு 50 முறைக்கு மேல் அடிக்கும் சிறகை அசைவற்றதாகக் காட்டிய மின்னொளிக் கருவிகளின் பெருமையையே பெரிதும் பேசிவந்துள்ளனர். அப்பெருமை மெய்யானதே என்றாலும், சிறகை நிறுத்திக் காட்டும் ஆற்றல் கேமராவுக்கு வாய்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அசையாமல் அடைகாக்கும் தாயையும் கூட்டை விட்டு நகர இயலாத குஞ்சுகளையும் சிலர் பொறுமையுடன் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டனர் என்பதும், ஓசனிச்சிட்டின் வாழ்வைப் பற்றிய அறிவுக்கு அந்தக் கூட்டுப் படங்கள் ஆற்றிய தொண்டு சிறகுப் படங்களின் தொண்டுக்குக் குறைந்ததன்று என்பதும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

கிழக்கு வட அமெரிக்காவில் இனப்பெருக்கம் செய்யும் சிவப்புத்தொண்டை ஓசனிச்சிட்டை எடுத்துக்கொண்டால், ஒளிப்படக்கலைஞர் எதிர்கொள்ள வேண்டிய காலக்கணக்கு தெளிவாகும். பெண்பறவை தனியாகவே கூடு கட்டுகிறது. செடிகளின் பஞ்சு இழைகளைச் சிலந்தி நூலால் பிணைத்து, வெளிப்புறத்தில் மரப்பாசித் துணுக்குகளை ஒட்டி, சுமார் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தை ஒரு கிளையின் மேல் அமைக்கிறது. அதில் அது இடும் முட்டைகள் வழக்கமாக இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு மொச்சை விதையளவே இருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாத்த பின் வெளிவரும் குஞ்சு ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுடன், கண் மூடிய நிலையில், கருநிறத் தோலும் முதுகில் சில மெல்லிழைகளும் மட்டுமே கொண்டிருக்கிறது. நீண்ட அலகால் பெயர்பெற்ற இந்தக் குடும்பத்தில், பொரித்த குஞ்சின் அலகு சிறு முக்கோணம் போலக் குட்டையாகவே அமைந்திருக்கிறது. பின்வரும் மூன்று வாரங்களுக்குள் கண் திறப்பது, குழல் வடிவ உறைகளுக்குள் இறகுகள் முளைப்பது, உறை உதிர்ந்து இறகு விரிவது, அலகு நீள்வது, கூட்டின் அடியைக் கால்களால் பற்றிக்கொண்டு சிறகடித்துப் பழகுவது ஆகிய அனைத்தும் நடந்து முடிந்து, குஞ்சு பறந்துவிடுகிறது. சிலந்தி நூலின் நெகிழ்ச்சியால் கூடும் குஞ்சுகளோடு சேர்ந்து விரிந்துகொடுக்கிறது; முதலில் உள்வளைந்த விளிம்புடன் ஆழமாயிருந்த கிண்ணம் இறுதி நாட்களில் தட்டையாகி, குஞ்சுகள் அதன் உள்ளே என்பதைவிட அதன் மேலே அமர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. பெரிய பறவைகளின் வளர்ச்சியைப் பதிவுசெய்ய மாதக்கணக்கில் காலம் கிடைக்கையில், இங்கே ஒரு மழைநாளைத் தவறவிட்டாலும் ஒரு வளர்ச்சிக் கட்டமே விடுபட்டுவிடும்.

ஒளிப்படத்துக்கு முந்தைய காலத்தில் ஓசனிச்சிட்டைப் பற்றிய ஐரோப்பியரின் அறிவு பெரும்பாலும் உயிரற்ற உடல்களிலிருந்தே பிறந்தது. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் தாம் வரைந்த பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பிகளால் உயிருள்ளவை போல் நிறுத்திவைத்து வரைந்தார். 1849-இல் தொடங்கி 1861-இல் நிறைவுற்ற தமது பெருந்தொகுதியில் 360 வண்ண ஓவியங்களை வெளியிட்ட ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கோல்டு, அப்பணி பாதிக்கு மேல் முடிந்திருந்த 1857-ஆம் ஆண்டில்தான் அமெரிக்கா சென்று உயிருள்ள ஓசனிச்சிட்டை முதன்முதலாகக் கண்டார். அவரது தொகுதியின் அழகு இன்றும் மங்கவில்லை. ஆயினும் பதப்படுத்திய தோல்களைக் கொண்டு வரையப்பட்ட ஓவியத்தால் குஞ்சின் வளர்ச்சியைக் காட்ட இயலாது, ஏனெனில் தோல் வணிகர் எவரும் இறகு முளைக்காத குஞ்சை அனுப்புவதில்லை. அதே நூற்றாண்டில் லண்டன் ஏலக்கூடங்களில் ஓசனிச்சிட்டுத் தோல்கள் ஆயிரக்கணக்கில் விலைபோயின. பெண்களின் தொப்பிகளை அலங்கரிப்பதற்காக நடந்த அந்த வணிகம் எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்ட, பறவையியலாளர் பிராங்க் சாப்மன் 1886-ஆம் ஆண்டு நியூயார்க் தெருக்களில் 700 தொப்பிகளைக் கவனித்து, அவற்றில் 542 தொப்பிகள் பறவை இறகுகளையோ உடற்பாகங்களையோ கொண்டிருந்ததாகப் பதிவுசெய்தார். இன்னொரு புறம் முட்டை சேகரிப்பு ஒரு மதிப்புமிக்க பொழுதுபோக்காகவும் அறிவியலின் ஒரு கிளையாகவும் கருதப்பட்டது. கூட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் நுட்பத்தை வளர்த்தவர்கள் முட்டை சேகரிப்பாளர்களே என்பதும், பின்னாளில் கேமராவைக் கையில் எடுத்த பலர் அந்தப் பழக்கத்திலிருந்தே வந்தவர்கள் என்பதும் இந்த வரலாற்றின் மறுக்கவியலாத பகுதிகளாகும்.

மாற்றம் வேதியியலின் வழியாக வந்தது. ஒளிப்படத் தகட்டுக்குப் படமெடுக்கும் இடத்திலேயே ஈரப் பூச்சிட்டு, அது காய்வதற்குள் பயன்படுத்தி, உடனே கழுவ வேண்டியிருந்த நிலையை, 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் முன்வைத்த உலர்தகட்டு முறை மாற்றியது. ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து கண்ணாடியில் பூசி உலர்த்திய இத்தகடுகள் 1870-களின் இறுதியில் கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும், கூடாரமும் வேதிப்பொருட்களும் இன்றிக் காட்டுக்குள் கேமராவை எடுத்துச் செல்வது இயல்வதாயிற்று. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் ஒரு பாடும் பூங்குருவியின் கூட்டைப் படமெடுத்து, 1895-இல் பிரித்தானியப் பறவைகளின் கூடுகளைப் பற்றிய நூலை முழுவதும் ஒளிப்படங்களுடன் வெளியிட்டபோது, கூட்டைச் சேதப்படுத்தாமலே அதைப் பற்றிய அறிவைச் சேகரிக்க முடியும் என்பது நிறுவப்பட்டது. ஆனால் அக்காலத் தகடுகளின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. இலை நிழலில் அமைந்த ஒரு கூட்டைப் பதிவுசெய்ய அரை வினாடியோ அதற்கும் மேலாகவோ ஒளி தேவைப்பட்டதால், பூவின் முன் அந்தரத்தில் நிற்கும் ஓசனிச்சிட்டு அத்தகடுகளில் ஒரு மங்கலான தீற்றலாகவே விழுந்திருக்கும். தாய் எங்கு வந்து அமரும் என்பதை முன்கூட்டியே அறிந்து கேமராவை நிறுத்தி, கூர்மையைச் சரிசெய்து, காத்திருக்கத்தக்க இடமாக அன்றைக்குக் கூடு மட்டுமே இருந்தது.

அந்தக் காத்திருப்பை ஒரு முறையாக வகுத்தவர் ஒஹையோவில் உயிரியல் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் ஹோபர்ட் ஹெரிக். 1901-இல் அவர் வெளியிட்ட, காட்டுப் பறவைகளின் இல்லற வாழ்வைப் பற்றிய நூல், இருவேறு வழிகளைப் பரிந்துரைத்தது: ஒன்று, பார்வையாளரை மறைக்கும் சிறு கூடாரம், மற்றொன்று, உயரத்திலோ அடர்ந்த இலைகளுக்குள்ளோ இருக்கும் கூட்டை அது தாங்கிய கிளையோடு சேர்த்து வெட்டி, வெளிச்சமான திறந்தவெளியில், கண்மட்டத்துக்கு அருகில் நட்டுவைப்பது. குஞ்சுகள் வளர வளரப் பெற்றோரின் அச்சத்தைப் பாசம் வென்றுவிடும் என்றும், அந்த நாளைச் சரியாகக் கணித்தால் இடம் மாறிய கூட்டையும் பறவைகள் ஏற்றுக்கொள்ளும் என்றும் அவர் வாதிட்டார். முதல் வழி இன்றளவும் பறவை ஒளிப்படக் கலையின் அடிப்படையாக நிலைத்திருக்கிறது. இரண்டாவதை, அன்றைய தகடுகளின் குறைபாட்டை எவ்வளவு கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஒரு தவறான வழி என்றே மதிப்பிட வேண்டும். இறகு முளைக்காத குஞ்சுக்கு இலை நிழலே பாதுகாப்பு. அதை நீக்கினால் வெயிலும், அதுவரை கூட்டைக் காணாத காக்கைகளும் நீல ஜே போன்ற திருட்டுப் பறவைகளும் அணில்களும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரைச் சேர்ந்த வில்லியம் ஃபின்லியும் ஹெர்மன் போல்மனும் இக்கலையை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றனர். ஃபின்லி 1876-இல் கலிபோர்னியாவில் பிறந்து சிறுவயதில் போர்ட்லாண்டுக்கு வந்தவர்; போல்மன் குழாய்ப் பணியைத் தொழிலாகக் கொண்டவர்; இளமையில் முட்டைகளையும் தோல்களையும் சேகரித்த ஃபின்லி, பின்னர் அதனைக் கைவிட்டுக் கேமராவின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். இவர்கள் 5 அங்குல அகலமும் 7 அங்குல நீளமும் கொண்ட கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தினர். தகடுகளின் எடையும் விலையும் இருட்டில் மட்டுமே அவற்றை உறைகளில் இட முடியும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்து, ஒவ்வொரு படத்தையும் நன்கு எண்ணிய பின்னரே எடுக்கும் ஒழுக்கத்தை இக்காலத்தவரிடம் வளர்த்தன. 1906-இல் தெற்குக் கலிபோர்னியாவின் ஒரு மலைப்பள்ளத்தில், கலிபோர்னியக் காண்டோர் என்ற பெருங்கழுகின் கூட்டுக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சென்று, முட்டை நிலையிலிருந்து குஞ்சின் வளர்ச்சியைத் தொடர்ந்து பதிவுசெய்த பணி பறவையியலில் புகழ்பெற்றது. வட அமெரிக்காவின் மிகப்பெரும் பறவைகளுள் ஒன்றுக்குக் காட்டிய அதே கவனத்தை மிகச்சிறிய பறவைகளுள் ஒன்றுக்கும் காட்டியதில்தான் ஃபின்லியின் தனித்தன்மை வெளிப்படுகிறது: 1907-இல் வெளிவந்த அவரது ‘அமெரிக்கன் பேர்ட்ஸ்’ நூலில், பெருவணிகத்துக்கு இரையான அந்தச் சிறு பறவைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டு, கூட்டிலிருக்கும் ஓசனிச்சிட்டுக் குஞ்சுகள் ஒளிப்படங்களோடு பொதுவாசகரிடம் கொண்டுசெல்லப்பட்டன. அதே 1907-இல், இவ்விருவரும் படமெடுத்திருந்த ஓரிகான் கடற்கரையின் மூன்று வளைவுப் பாறைகளைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமானது.

ஓசனிச்சிட்டுக் கூட்டைத் தொடர்ந்து படமெடுத்தோர் சந்தித்த சிக்கல்களில் ஒன்று, கூட்டின் வடிவத்திலேயே அமைந்திருந்தது. கிண்ணம் ஆழமாகவும் குஞ்சுகள் மிகச் சிறியனவாகவும் இருக்கும் முதல் வாரத்தில், பக்கவாட்டில் நிறுத்திய கேமராவுக்கு வெறும் கூடே தெரியும். மேலிருந்து படமெடுக்கக் கேமராவைச் சாய்த்துக் கட்டினால் தாயின் வழி அடைபடும். ஆகவே பக்கவாட்டிலிருந்து எடுத்த படவரிசை, அலகின் நுனிகள் விளிம்புக்கு மேல் எழும் நாளுக்குப் பிறகே தொடங்க முடிந்தது. கூர்மையின் ஆழமும் ஒரு தடை: மிக அருகிலிருந்து நோக்கும் வில்லையில் குஞ்சின் கண் தெளிவானால் தாயின் வால் மங்கும்; வில்லையின் துளையைச் சுருக்கி இரண்டையும் தெளிவாக்க முயன்றால், அதற்கேற்ற வெளிச்சம் நிழலில் கிடைக்காது.

இத்தடைகளுக்கிடையிலும் படங்கள் உறுதிப்படுத்திய செய்திகள் பல. கோல்டின் சில ஓவியங்களில் கூட்டருகே ஒளிரும் கழுத்துடன் ஆண்பறவை வரையப்பட்டிருக்க, நாட்கணக்கில் கூட்டை நோக்கி நின்ற கேமராக்களில் உணவூட்ட வந்தது எப்போதும் பெண்பறவையே. உணவூட்டும் முறை கண்டவர்களைத் திடுக்கிடச் செய்யத்தக்கது: தாய் கூட்டின் விளிம்பில் அமர்ந்து, தன் நீண்ட அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் முழுவதுமாகச் செலுத்தி, தான் விழுங்கி வைத்திருந்த சிறு பூச்சிகளும் தேனும் கலந்த உணவை உந்திச் செலுத்துகிறது. தொலைவிலிருந்து காண்பவருக்குத் தாக்குதல் போலவே தோன்றும் இச்செயலில் குஞ்சுக்கு எந்தக் காயமும் ஏற்படுவதில்லை என்பதைத் தொடர்ச்சியான படங்கள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. கண் திறக்காத குஞ்சு, தாய் வந்திறங்கும்போது அதன் சிறகு கிளப்பும் காற்றை உணர்ந்தே வாய் திறக்கிறது என்பதும், இறகு முளைத்து உடல்வெப்பத்தைத் தானே காக்கத் தொடங்கியதும் தாய் இரவிலும் கூட்டுக்கு வராமல் வெளியே தங்கிவிடுகிறது என்பதும் பொறுமையான பார்வையால் மட்டுமே தெளிவான உண்மைகள். இவற்றுள் இரண்டாவது செய்தி இன்றைக்கும் நடைமுறைப் பயனுடையது. தாய் கைவிட்டுவிட்டது என்று தவறாக எண்ணி நலமான குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்துச் செல்வோர் அமெரிக்காவில் இன்னும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சட்டம் கலையைப் பின்தொடர்ந்தது. வனவிலங்குகளை மாநில எல்லை கடந்து விற்பதைக் கட்டுப்படுத்திய லேசி சட்டம் 1900-இலும், கனடாவுக்காகப் பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் 1918-இலும் வந்தன. பின்னதன்படி ஓசனிச்சிட்டையோ அதன் முட்டையையோ, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டையோ உரிமமின்றி எடுப்பது குற்றமாயிற்று. கூட்டோடு கிளையை வெட்டி இடம்மாற்றும் ஹெரிக்கின் வழிக்கு இனிச் சட்டத்தின் துணை இல்லாது போயிற்று.

வண்ணம் இக்கலையை மீண்டும் கூட்டிடம் கொண்டுவந்தது. ஹார்வர்டில் மருத்துவம் பயின்று உயிர்வேதியியல் கற்பித்துவந்த எலியட் போர்ட்டர், பறவைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஒரு பதிப்பாளரிடம் காட்டியபோது, பறவையை இனங்காண நிறம் தேவை என்ற மறுப்பே விடையாகக் கிடைத்தது. 1930-களின் நடுவில் அறிமுகமான கோடாக்ரோம் வண்ணச்சுருள், பழைய தகடுகளைப் போலவே மிகக் குறைந்த ஒளியுணர்திறன் கொண்டிருந்ததால், அவர் பிளாஷ் பல்புகளைக் கூட்டருகே பொருத்தி, பெரிய தகட்டுக் கேமராவால் வண்ணப் படங்களை எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்தினார். 1941-இல் குகன்ஹைம் நிதியுதவி பெற்ற அவரது பறவைப் படங்கள் 1943-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவரை உயிரியல் ஆவணமாக மட்டும் எண்ணப்பட்ட கூட்டுப்படம் கலைக்கூடத்தின் சுவரில் இடம்பெற்ற நிகழ்வு அது. போர்ட்டரின் படங்களில் கூடு பின்னணியாக ஒதுங்கிவிடுவதில்லை. அதைச் சூழ்ந்த இலையும் பட்டையும் பாசியும் பறவையளவு கவனத்தைப் பெறுகின்றன, இதுவே அவருக்கு முந்தையோரிடமிருந்து அவரை வேறுபடுத்துகிறது.

அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்ஜர்டன், வாயு நிரப்பிய குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, வினாடியின் மிகச்சிறு பகுதியே நீடிக்கும் ஒளியை உண்டாக்கும் கருவியால் 1930-களில் நியூ ஹாம்ப்ஷயரில் ஓசனிச்சிட்டின் சிறகை அசைவற்றதாகக் காட்டினார். டியூபான்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்த கிராஃபர்டு கிரீன்வால்ட் அம்முறையை மேலும் வளர்த்து, தென்னமெரிக்கா வரை பயணம் செய்து, 1960-இல் ‘ஹம்மிங்பேர்ட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். இவை பலராலும் எழுதப்பட்ட சாதனைகள். இந்த வரலாற்றுக்கு அவற்றின் தொடர்பு வேறு வகையானது: மின்னொளிக் கருவி பரவலானதும், உணவூட்ட வரும் தாய் இறங்கும் கணத்தையும் குஞ்சின் திறந்த வாயையும் ஒரே படத்தில் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. ராபர்ட் டைரலும் எஸ்தர் கேசாடா டைரலும் 1985-இல் வெளியிட்ட, வட அமெரிக்க ஓசனிச்சிட்டுகளின் வாழ்வையும் நடத்தையையும் பற்றிய நூல், பறத்தலையும் கூட்டு வாழ்வையும் ஒரே தொகுப்புக்குள் கொண்டுவந்து அந்த இரு மரபுகளையும் இணைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் களமே மாறியது. கலிபோர்னியாவில் டிசம்பர் மாதத்திலேயே கூடு கட்டத் தொடங்கும் அன்னா ஓசனிச்சிட்டு, தோட்டங்களில் நடப்பட்ட அயல்நாட்டுப் பூமரங்களையும் சர்க்கரைநீர்க் கலங்களையும் துணையாகக் கொண்டு வடக்கே கனடாவின் கடற்கரை வரையிலும் கிழக்கே அரிசோனா வரையிலும் பரவியது. முற்றத்து விளக்குக் கம்பிகளிலும் சாளரத்தருகிலுள்ள செடிகளிலும் அது கூடு கட்டுவதால், காட்டுக்குள் கூடாரம் அடித்து எடுத்த படங்களை வீட்டுச் சாளரத்தின் பின்னிருந்தே எடுக்க முடிகிறது. டிஜிட்டல் கேமராவின் உயர் ஒளியுணர்திறன் பிளாஷின் தேவையைப் பெருமளவு நீக்கியது. தொலைநோக்கு வில்லைகள் அருகில் செல்லும் தேவையைக் குறைத்தன. ஒருமுறை பொருத்திவிட்டு விலகிவிடத்தக்க சிறு கேமராக்கள், மனித நடமாட்டமே இன்றிப் பொரிப்பு முதல் பறப்பு வரை நேரலையாகக் காட்டின. ஹெரிக் கிளையை வெட்டியதற்குக் கூறத்தக்க காரணங்கள் அனைத்தும் இந்தக் கருவிகளால் தீர்ந்துவிட்டன.

இருந்தும் தீங்கு நீங்கிவிடவில்லை என்பது வருந்தத்தக்கது. குஞ்சின் முகம் இலையால் மறைகிறது என்று அந்த இலையைக் கிள்ளுவதும், கிளையை நூலால் இழுத்துக் கட்டுவதும், தாய் விளிம்பில் இறங்குவதற்குள் மிக அருகில் நெருங்குவதும் இன்றும் நடக்கின்றன. முன்பு ஒரு கூட்டுக்கு ஒரு பார்வையாளர் இருந்த இடத்தில், இருப்பிடம் இணையத்தில் பரவியதும் இன்று பலர் கூடுகிறார்கள். தாய் உணவூட்டும் இடைவெளி ஒவ்வொரு வருகையாலும் நீள்கிறது, சிறு உடலும் வேகமான வளர்சிதை மாற்றமும் கொண்ட குஞ்சுக்கு அந்த நீட்சியே ஆபத்து. கூட்டைச் சுற்றியுள்ள இலைதழைகளை அகற்றக் கூடாது, தாய் தயங்கினால் விலக வேண்டும் என்பன போன்ற நெறிகளை ஆடுபான் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் வகுத்துள்ளன. இந்தியச் சட்டம் இதில் இன்னும் கண்டிப்பானது: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது; ஆகவே தேன்சிட்டின் தொங்கு கூட்டருகே கேமராவுடன் செல்லும் தமிழ்நாட்டு ஒளிப்படக்கலைஞருக்கும் இவ்வரலாறு அயலாருடையதன்று.

ஃபின்லி, போல்மன் இருவரின் படங்கள் ஓரிகான் வரலாற்றுச் சங்கத்திலும் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பாதுகாக்கப்பட்டு, ஒருங்கிணைந்த இணையத் தொகுப்பாகப் பொதுமக்கள் காணக் கிடைக்கின்றன. எலியட் போர்ட்டரின் படத்தொகுதி டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்திடம் உள்ளது. இன்று கூட்டுப் படம் எடுப்போர் ஒவ்வொரு படத்துடனும் நாளையும் நேரத்தையும் பறவையின் இனத்தையும் எழுதிவைப்பார்களாக. கூடு இருக்கும் இடத்தை மட்டும், குஞ்சுகள் பறந்து செல்லும் வரை, எவருக்கும் வெளியிடாதிருப்பார்களாக.